அண்ணனுக்கு, விஸ்கான்சினிலிருந்து

டாட்ஜ் கவுண்டி, விஸ்கான்சின், அமெரிக்கா
அக்டோபர் 1853

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நாங்கள் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். திராட்சை மறுபடியும் பொய்த்துவிட்டது, இருப்பதை விற்றுவிட்டு அங்கே வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை அண்ணியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். இங்கிருந்து ஊருக்கு எழுதும் ஆண்கள் விளைச்சலைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை.

அரசாங்க நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலர். எங்கள் 40 ஏக்கருக்கு 50 டாலர்தான் கொடுத்தோம். அங்கே ஜெர்மனியில், நம் வூர்ட்டம்பர்கில் அப்பா சொத்தைப் பிரித்தபோது நம் ஆளுக்கொரு துண்டில் மாட்டைத் திருப்பக்கூட இடமில்லாமல் போனது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் இங்கே எங்கள் கைக்கு வந்தது காடு. ஓக் மரத்தை வெட்டிச் சாய்த்த பிறகும் அடிக்கட்டை அப்படியே நிற்கும், மக்கிப்போக வருடக்கணக்காகும். அதுவரை கட்டைகளைச் சுற்றிச் சுற்றித்தான் உழவு. இவர் மேழியைப் பிடிப்பார், நான் கோடாரியோடு முன்னால் போய் வேர்களை வெட்டுவேன். இதைப் பார்த்த பக்கத்துப் பண்ணை அமெரிக்க அம்மாள், உன் கணவன் உன்னை அடிமையாகவா வைத்திருக்கிறான் என்று கேட்டாள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வயலில் கால் வைப்பதில்லை. அவர்கள் நிலத்தை விற்றுவிட்டு மேற்கே போகிறார்கள், நம்மவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

முதல் கோடையில் எல்லோரையும் முறைக்காய்ச்சல் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டிப்போகும்படி நடுக்கம், பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். இதற்கான கொயினா மருந்தின் விலை அதிகம்தான், ஆனாலும் அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

போன தேர்தலில் இவர் ஓட்டுப் போட்டார். குடியுரிமை கோரி எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வருடம் இங்கே குடியிருந்தால் போதும், அயல்நாட்டு ஆணுக்கும் இந்த மாநிலத்தில் ஓட்டு உண்டு. ஊரில் அதிகாரிகள் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றதையெல்லாம் அன்று இரவு முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் ஓட்டும் இல்லை, ஓய்வும் இல்லை.

நியூயார்க் துறைமுகத்தில் நம் பேச்சிலேயே இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் பெட்டியையும் கொடுக்காதீர்கள், டிக்கெட்டும் வாங்காதீர்கள். ஆல்பனி வரை நீராவிப் படகு, அங்கிருந்து கால்வாய் வழியாகப் பஃபலோ, பிறகு ஏரிக் கப்பலில் மில்வாக்கி. அங்கே இறங்கிவிட்டால் கவலையில்லை, கடைத்தெருவில் ஜெர்மன் பேச்சுதான். அங்கிருந்து எங்கள் பக்கத்து வாட்டர்டவுன் வரை சாலை முழுக்கப் பலகை பாவியிருக்கிறார்கள், சுங்கம் கட்ட வேண்டும், ஆனால் வண்டி சேற்றில் சிக்காது.

மேசை, அலமாரி எதையும் சுமந்து வராதீர்கள். இறகு மெத்தை, விதைகள், அண்ணியின் இராட்டை போதும். விற்றுக் கடன் போக என்ன மிஞ்சும் என்று உடனே எழுதுங்கள். அந்த அமெரிக்க அம்மாளின் பண்ணையும் விலைக்கு வரும்போலிருக்கிறது, இவர் பேசிப் பார்க்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை