பிராக் கடிகாரத்தைப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பியப் பயணக் கட்டுரைகளில் செக் நாட்டுத் தலைநகரான பிராக்கின் பழைய பகுதி வந்தாலே இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று, நகரமன்றக் கோபுரத்துக் கடிகாரத்தைச் செய்த ஹனுஷ், வேறு ஊருக்கும் இதுபோல் செய்து கொடுத்துவிடக் கூடாதென்று அவர் கண்ணைப் பறித்துவிட்டார்கள் என்ற கதை. மற்றொன்று, மணி அடிக்கும் நேரத்தில் கீழே போய் நின்று பொம்மைகளைப் பாருங்கள் என்ற யோசனை. கதை உண்மையல்ல. பொம்மைகளோ அந்தக் கடிகாரத்தின் மிகச் சிறிய பகுதி. பயணப் பக்கத்தில் அடுத்த முறை பிராக் வரும்போது இவ்விரண்டையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

கடிகாரத்தை 1410-இல் செய்தவர் கடான் ஊர்க்காரரான மிக்குலாஷ். அதே ஆண்டைச் சேர்ந்த ஆவணமே இருக்கிறது. ஹனுஷ் பல பத்தாண்டுகள் கழித்து அதில் வேலை பார்த்தவர். கோயில் கட்டிய சிற்பியின் கையை வெட்டிய கதையை ஊருக்கு ஊர் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வார்ப்பு புதிதல்ல. ஆனால் கதையைச் சொல்லி முடித்ததும் கடிகாரத்தையே மறந்துவிடுகிறோம்.

பொம்மைக் காட்சி காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொரு முறை. எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடிக்கும், மேலே இரு ஜன்னல்களில் இயேசுவின் சீடர்களான பன்னிரு அப்போஸ்தலர்கள் கடந்து போவார்கள், சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட ஆகாது. எல்லோரும் கைப்பேசியை உயர்த்தி அண்ணாந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம்தான் ஜேப்படிக்காரர்களுக்கும் வசதி. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கோபுரத்தை ஒட்டி நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றால் மேல் ஜன்னல்கள் நன்றாகத் தெரியும். கூட்டம் கலைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது அதன் பிறகுதான்.

மேல்தட்டைப் பாருங்கள். நடுவில் பூமி. அதைச் சுற்றியுள்ள நீலம் பகல், செம்பழுப்பு விடியலும் அந்தியும், கருப்பு இரவு. ஒரு கம்பியில் பொன் சூரியன் நகர்கிறது. அதே கம்பியின் முனையிலுள்ள பொற்கை, ரோமன் எண்கள் மீது நாம் பழகிய 24 மணி நேரத்தைக் காட்டுகிறது. அதற்கும் வெளியே கருப்பு வளையத்தில் பழைய கோதிக் எழுத்தில் 1 முதல் 24 வரை எண்கள் உள்ளன. இது பழைய செக் நேரம். நாள் சூரிய அஸ்தமனத்தில் முடிந்து தொடங்கும் கணக்கு. அஸ்தமன நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் இந்த வளையமே ஆண்டு முழுதும் முன்னும் பின்னும் மெல்ல நகர்கிறது.

மூன்றாவது கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நீலப் பகுதியில் வளைந்த பொற்கோடுகள் 1 முதல் 12 வரை எண்ணிட்டிருக்கும். உதயம் முதல் அஸ்தமனம் வரையான பகலைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிய கோடுகள் அவை. பிராக்கில் ஜூன் பகல் ஏறக்குறைய 16 மணி நேரம், டிசம்பர் பகல் 8 மணி நேரம். ஆகவே ஒரு 'மணி' என்பது ஜூனில் 80 நிமிடம், டிசம்பரில் 40 நிமிடம். சூரியன் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுவே அந்த மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகள் இதை இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். பாதி வெள்ளி, பாதி கருப்பான சிறு உருண்டைதான் சந்திரன். அது தன்னைத்தானே சுழன்று வளர்பிறை தேய்பிறையைக் காட்டும். கீழேயுள்ள வட்டம் நாட்காட்டி, நாளொன்றுக்கு ஒரு பல் நகரும்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் வரிசையில் கவனம் வேண்டும். காலை 7 மணிக்குள் சார்லஸ் பாலத்தில் இருங்கள், அதுவும் பழைய நகரக் கரையிலிருந்து கோட்டைப் பக்கமாக நடங்கள். அப்போது சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். எதிரே கோட்டை முழு வெளிச்சத்தில் நிற்கும். மாலையில் போனால் சூரியன் கோட்டைக்குப் பின்னால் இறங்குவதால் படங்கள் இருண்டு போகும், பாலத்தில் நடக்கவும் இடமிருக்காது. 1357-இல் மன்னர் நான்காம் சார்லஸ் தொடங்கிய இப்பாலத்தின் நீளம் சுமார் 516 மீட்டர். 1890 வெள்ளத்தில் மூன்று வளைவுகள் இடிந்து விழுந்து திரும்பக் கட்டப்பட்டன. ஓரத்திலுள்ள 30 சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள். மணற்கல் அரிப்பதால் அசல்களை உள்ளே வைத்துப் பாதுகாக்கிறார்கள். 1683-இல் வைத்த, புனிதர் நெபோமுக் யோவானின் வெண்கலச் சிலைதான் மிகப் பழையது. அதன் பீடத்துப் புடைப்புப் படங்கள் கைபட்டுக் கைபட்டுப் பளபளக்கும்.

திரும்பி வந்து 9 மணிக் காட்சி, பிறகு சதுக்கம். நகரமன்றத்தின் பக்கவாட்டில் தரைக்கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள் இருக்கும். பேரரசரை எதிர்த்த உள்ளூர்க் கிளர்ச்சியாளர்கள் வெள்ளை மலைப் போரில் தோற்றபின், 1621 ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்ட 27 பேரின் நினைவு. பலர் தெரியாமலே மிதித்துப் போகிறார்கள். பக்கத்துக் காலியிடம் பூங்காவாக விட்ட இடமல்ல. 1945 மே மாதச் சண்டையில் எரிந்த கட்டடப் பகுதி நின்ற இடம். அப்போது கடிகாரமும் எரிந்தது. இன்றைய அப்போஸ்தலர் பொம்மைகள் அதற்குப் பின் செதுக்கியவை. கோபுரத்தில் லிப்ட் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்களும் மேலே போகலாம்.

இன்னொன்றையும் எழுதுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் வல்தாவா ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து மண் கொட்டித் தெருமட்டத்தைப் பல அடி உயர்த்தினார்கள். அதற்கு முன் கட்டிய வீடுகளின் தரைத்தளம்தான் இன்று நிலவறை. பழைய நகரத்தில் உணவகத்துக்கென்று படியிறங்கிப் போய், கற்சுவரில் அடைத்த வாசலோ ஜன்னலோ கண்ணில் பட்டால், ஒரு காலத்துத் தெருவைத்தான் பார்க்கிறீர்கள்.

பிற்பகலில் யூதர் குடியிருப்பான யோசெபோவ். அங்கே இடுகாட்டுக்குக் கூடுதல் நிலம் கிடைக்காததால் மண் போட்டு அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். அதனால்தான் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. மிகப் பழைய கல் 1439-ஐச் சேர்ந்தது. சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். வாரக்கடைசிப் பயணத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

கால் வைக்கும் இடமெல்லாம் கற்பாவல், மழையில் வழுக்கும். தடித்த அடிப்பாகமுள்ள காலணி போதும், புதுக் காலணி வேண்டாம். காகிதப் பயணச்சீட்டை முதல் முறை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் முத்திரையிட வேண்டும். முத்திரை இல்லையென்றால் சீட்டே இல்லாத கணக்கு. மரக்கறி உண்பவர்கள் உருளைக்கிழங்கு சூப்பைக்கூடக் கேட்டு வாங்குவது நல்லது. இறைச்சிச் சாற்றில் வைத்திருக்கலாம். மாவைக் கம்பியில் சுற்றிச் சுடும் இனிப்பான ட்ர்டெல்னிக்கைப் 'பழைய போஹீமியப் (செக் நாட்டுப்) பண்டம்' என்று பலகை சொல்லும். சாப்பிடுங்கள், ஆனால் அந்தப் பெயரை நம்பி எழுதாதீர்கள்.

பணம் யூரோ அல்ல, செக் கொருனா. தானியங்கி இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் மறுத்து, கொருனாவையே தேர்ந்தெடுங்கள். மாற்றினால் விகிதத்தில் இழப்பு. பணமாற்றுக் கடையில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்க்காமல், இத்தனை யூரோ கொடுத்தால் கையில் எத்தனை கொருனா வரும் என்று கேட்டுவிட்டு நோட்டை நீட்டுங்கள். அப்படியும் ஏமாந்தால், 1000 யூரோ மதிப்புவரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து திரும்பப் பெற 2019 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. ரசீதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்