ஊர்ப்பெயர்களை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் நவீன அமெரிக்க எழுத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். எழுத்தாளர் ஹெமிங்வேயின் சின்ன வசனங்கள் கன்சாஸ் சிட்டியில் பத்திரிகை நிருபராக இருந்தபோது பழகியவை என்று இருந்தது. சரி, அதுவும் உண்மைதான். ஆனால் அவர் கண்ட முதலாம் உலகப் போரை ஒரே வரியில் கடந்துபோனதை என்னால் விட முடியவில்லை.

1918 ஜூலையில், 19 வயதுகூட ஆகாத பொடியனாக, செஞ்சிலுவைச் சங்க அம்புலன்ஸ் ஓட்ட இத்தாலிக்குப் போய் ஷெல் விழுந்து காயப்பட்டவர் அவர். 1929இல் வந்த ‘எ ஃபெயர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலில் புனிதம், மகிமை, தியாகம் என்று யாராவது சொன்னாலே கூசுகிறது என்கிறான் கதை சொல்பவன், ஊர்களின் பெயர், றோட்டு இலக்கம், ஆற்றின் பெயர், திகதி, இவற்றுக்குத்தான் இன்னும் மரியாதை இருக்கிறதாம்.

அதை வாசித்தபோது அம்மாதான் கண்ணுக்குள் வந்தார். 2009இல் வன்னியில் நடந்த இறுதிப் போரைப் பற்றி யார் கேட்டாலும் அவர் சொல்வது இவ்வளவுதான்: தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டு வருவார், வலைஞர்மடத்தில் கொஞ்சம் நிற்பார், அங்கேதான் சித்தப்பாவை பங்கருக்குப் பக்கத்திலேயே தாட்டோம். பிறகு வட்டுவாகல் பாலம் என்பார், எழும்பிப் போய் அடுப்பைப் பார்ப்பார்.

ஹெமிங்வேயின் ‘சோல்ஜர்ஸ் ஹோம்’ என்ற சிறுகதையிலும் இப்படித்தான், கிரெப்ஸ் என்ற சிப்பாய் சண்டைபிடித்த இடங்கள் வெறும் பெயர்களாக வரிசையில் வரும். 1919இல் பிந்தி ஊர் திரும்புகிறான், வரவேற்பெல்லாம் முடிந்துவிட்டது. கதைக்க மனம் வந்தபோது கேட்க ஆளில்லை, பொய் சேர்த்தால்தான் காது கொடுக்கிறார்கள், இரண்டு தரம் அப்படிச் சொல்லிவிட்டு அவனுக்கே அருவருத்துப் போகிறது. முகாமிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இப்படி வாய் மூடிப்போனார்கள்! மற்ற அமெரிக்க எழுத்தாளர்களான டொஸ் பசோஸின் ‘த்ரீ சோல்ஜர்ஸ்’ (1921), ஃபோக்னரின் முதல் நாவல் ‘சோல்ஜர்ஸ் பே’ (1926), இவையும் அதே காயத்திலிருந்து வந்தவைதான்.

மே மாதச் சிறப்பிதழுக்கு ஆக்கம் கேட்டிருக்கிறீர்கள். வருடா வருடம் குருதி, விடியல், வேள்வி என்றே நிரம்புகிறது, எந்த ஊரில், எந்த நாளில், யாருக்கு நடந்தது என்று தேடினாலும் கிடைப்பதில்லை. இந்த முறை அம்மா சொல்வதை அவர் சொல்கிற மாதிரியே எழுதி அனுப்புகிறேன். இடம் போதாவிட்டால் என் வசனங்களை வெட்டுங்கள், ஊர்ப்பெயர்களில் கை வைக்காதீர்கள்.

வாசகர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு