பித்தளை மோதிரத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்யும் மலைகளிலும், லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இடித்த இடங்களிலும், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைச் சேற்றிலும் மஞ்சளாக ஒரு வளையம் கிடைத்துவிட்டால் இரண்டு காரியம் உடனே நடக்கிறது. வீட்டில் ஒருவர் புளியும் சாம்பலும் எடுத்துத் தேய்க்க உட்காருகிறார். இன்னொருவர் "ராஜா காலத்துத் தங்கம்" என்று ஊரைக் கூட்டுகிறார். உலோகம் தேடும் கருவிகளும் கைக்கு வந்துவிட்ட காலம் என்பதால், அந்த வளையம் என்னவென்று கண்டுகொள்ளும் வழியைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் புளி விஷயம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. தேயிலை மண் புளிப்பு மண், அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை. அதில் பல வருடம் கிடந்தால் துத்தநாகம் முந்திக் கரைந்துபோய், மேல்பரப்பில் செம்பு மட்டும் இளஞ்சிவப்புத் திட்டாக நிற்கும். அந்தத் திட்டைப் பார்த்துத்தான் பலர் "செப்பு மோதிரம்" என்று முடிவுகட்டுகிறார்கள். புளியும் எலுமிச்சையும் இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். பச்சைப் படிவோடு சேர்ந்து மெல்லிய செதுக்கு வேலையும் எழுத்தும் போய்விடும். பிராசோ என்ற உலோகப் பாலிஷும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில் வாட்டரில் ஒரு நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி இன்னொரு நாள் விடுங்கள். பிறகு மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ், இடுக்குகளுக்கு ஒரு ஈர்க்கு, இவ்வளவு போதும். வராத படிவை விட்டுவிட வேண்டும். கத்தி முனையால் சுரண்டினால் அந்தக் கீறல் நிரந்தரம்.

இனி, அது விரலில் போட்ட மோதிரம்தானா? தோட்டங்களில் கிடைக்கும் பித்தளை வளையங்களில் நிறைய மோதிரமே அல்ல. உள்விட்டத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். பெரியவர்கள் விரலுக்கு ஏறக்குறைய 15 முதல் 21 மில்லிமீற்றர். 24ஐத் தாண்டினால் வேறு ஏதோ சாமான். உள்விட்டம் சரியாக இருந்தாலும் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். விரலில் கிடந்த மோதிரம் உள்பக்கம் முழுவதும் ஒரே சீராக வழவழவென்றிருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். திரைச்சீலை வளையமும் குதிரைச் சேண வளையமும் ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கும், ஏனென்றால் கம்பியோ வாரோ அந்த இடத்தில்தான் உரசும். உள்ளே மரை ஓடியிருந்தால் மண்ணெண்ணெய் விளக்கு அல்லது அடுப்பின் பாகம். வெளிப்பக்கம் நடுவில் பீப்பாய் போல லேசாகப் புடைத்து, மரை இல்லாமல் இருந்தால் தண்ணீர்க் குழாய் இணைப்பில் இறுக்கும் வளையம். இதைத்தான் கல்யாண மோதிரம் என்று அதிகம் பேர் நம்புகிறார்கள். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி, ஓரத்தில் சின்ன ஆணித்துளை இருந்தால் அது கத்திப் பிடியிலோ கைத்தடியிலோ போட்ட பூண். படங்குச் சீலையின் கண்வளையத்தில் விளிம்பு வெளிப்புறமாகச் சுருண்டிருக்கும், மடிப்புக்குள் நூல் இழை கூட மிஞ்சியிருக்கும்.

மெட்டி என்றால் வளையம் மூடியிராது. இரண்டு முனையும் அராவி மழுக்கப்பட்டிருக்கும். இதில் ஒரு குழப்பம் உண்டு. மண்ணில் வெடித்த மோதிரத்தையும் மெட்டி என்று எண்ணிவிடுகிறார்கள். தகடு வளைத்து, பதமாகச் சுட்டு ஆற்றாமல் செய்த பித்தளையில் இழுவிசை உள்ளே தங்கியிருக்கும். அதில் அமோனியா பட்டால் தானே வெடிக்கும். பிரித்தானியர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரைலாயங்களுக்குப் பக்கத்தில் வைத்த துப்பாக்கித் தோட்டாக்கள் வெடிப்பு விட்டதற்கும் இதுவே காரணம். தேயிலைக்கு யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் போடுகிற மண்ணில் இதை எதிர்பார்க்க வேண்டியதுதான். வெடித்த முனை ஒழுங்கற்றுப் பல்லுப்பல்லாக இருக்கும், பக்கத்திலேயே மயிரிழை போலக் கிளை வெடிப்புகளும் தெரியும். நெருக்கிச் சேர்க்கப் பார்த்தால் இரண்டாக உடையும்.

தங்கமா பித்தளையா என்பதற்குக் காந்தம் பாதி பதில்தான் தரும். ஒட்டினால் பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை. எடைதான் சரியான சாட்சி. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் மோதிரத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் வைத்து, ஒரு சொட்டு சவர்க்காரத் தண்ணீர் விட்டு, தராசில் வைத்துப் பூச்சியம் ஆக்குங்கள். மோதிரத்தைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுவதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவதால் முதல் எடையை வகுக்க வேண்டும். உதாரணமாக 4.28 கிராம் மோதிரம் தண்ணீரில் 0.50 காட்டினால் விடை 8.56, அதாவது பித்தளை. அதே எடை 22 கரட் தங்கமாக இருந்தால் 0.24 அளவில்தான் காட்டும், விடை 17.8க்குக் கிட்ட வரும். வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96. பித்தளை 8.4 முதல் 8.7 வரை, செம்பு அதிகம் கலந்தால் இன்னும் கொஞ்சம் மேலே. வெண்கலமும் இதற்குப் பக்கத்திலேயே நிற்பதால் அவை இரண்டையும் இந்த முறையில் பிரிக்க முடியாது. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும், தடித்த படிவு இருந்தாலும், கல் பதித்திருந்தாலும் விடை குறைந்துவிடும். ஒன்றரைக் கிராமுக்குக் குறைந்த குழந்தை மோதிரத்தில் தராசின் சிறு தவறே பெரிதாகிவிடும். அதற்கு இதை நம்ப வேண்டாம்.

உள்பக்கம் எண் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். 375 என்றால் 9 கரட் தங்கம், 750 என்றால் 18, 916 என்றால் 22, 925 என்றால் வெள்ளி. ஆங்கிலத்தில் ஜி.பி. என்றிருந்தால் முலாம். எண் போட்ட பித்தளையும் உலகத்தில் உண்டு, ஆகவே எண்ணை எடையோடு ஒத்துப்பாருங்கள். பத்தரிடம் கொண்டுபோனால் உரைகல்லில் உரசி நைட்ரிக் அமிலம் விடுவார். பித்தளைக் கோடு நுரைத்து மறையும், நல்ல தங்கக் கோடு நிற்கும். உரசுவதை உள்பக்கத்தில் செய்யச் சொல்லுங்கள். எக்ஸ்ரே கரட் மீற்றர் வைத்திருக்கும் நகைக்கடையில் செம்பு, துத்தநாகம், வெள்ளீயம் எத்தனை வீதம் என்றே காட்டும். ஆனால் அது மேல்தோலை மட்டும் பார்க்கிறது. துத்தநாகம் போன மோதிரத்தில் செம்பைக் கூட்டிக் காட்டும்.

உலோகம் தேடும் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மூடிய வளையம் பலமான சத்தம் தரும். அதே வளையம் வெடித்திருந்தால் மின்சுழல் முழுச் சுற்று ஓடாததால் சத்தமும் திரையில் வரும் எண்ணும் இறங்கிவிடும். இரும்புச்சத்துள்ள செம்மண் அந்த எண்ணை மேலும் குழப்பும். திரை காட்டும் எண்ணை வைத்துத் தங்கம் என்று சொல்லவே முடியாது. பக்கத்தில் 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதம் கிடைத்தால் மோதிரமும் அந்தக் காலம் என்று எண்ணுவதும் தவறு. சரிவில் மண் மழைக்கு மழை இறங்கும். மேல் மலையில் விழுந்தது கீழே உள்ள கானில் (வடிகாலில்) வந்து சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டம் இருக்கிறது. இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்ட முடியாது, சொந்த நிலமாக இருந்தாலும் சரி. மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியருக்குக் கொடுத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதிதான், அதற்கு முந்தியது தொல்பொருள் என்ற பழைய எல்லைக்கோடாக அதில் எழுதப்பட்டது. கான் வெட்டும்போது தற்செயலாக அப்படி ஒன்று வந்தால் பொலிஸுக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். பத்தரிடம் உருக்கக் கொடுத்துவிட்டு அகப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் உருக்கியவர் மட்டுமல்ல.

இன்னொரு எச்சரிக்கை. காகிதம் உக்கிப்போன வேட்டைத் தோட்டாவின் பித்தளை அடி, மண் ஒட்டிய நிலையில் தடித்த மோதிரம் போலவே தெரியும். அடியில் வட்டமாக எழுத்தும், நடுவில் சிறு பொத்தானும் இருக்கும். அந்தப் பொத்தானில் குழி விழுந்திருந்தால் பெரும்பாலும் சுட்டு முடிந்தது, ஆனால் சுடும்போது வெடிக்காமல் போனதிலும் குழி இருக்கும். குழி இல்லாவிட்டாலோ சந்தேகமாக இருந்தாலோ தேய்க்காமல், சூடுகாட்டாமல், கிடந்த இடத்திலேயே விட்டுப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் வைக்கக்கூடிய சாதாரண வளையம் என்றால், நன்றாக உலர்த்தி, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு மூடியுள்ள மருந்துப் போத்தலில் போடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். வெளிர் பச்சை மாவு புதிதாகப் பூத்திருந்தால் உப்பு உள்ளே இருக்கிறது என்று பொருள். திரும்பவும் டிஸ்டில் வாட்டரில் ஊறவிடுங்கள். இந்த முறை ஒரு கிழமை, தண்ணீரைத் தினம் மாற்றி.

இப்படிக்கு,
பித்தளைப் பட்டறைக்காரன்,
பண்டாரவளை.