தலைவலி என்று சொன்ன பிள்ளையை அன்றைக்கு ஓடவிடாதீர்கள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பள்ளி விளையாட்டுப் பயிற்சியும் சீருடைப் பணித் தேர்வுக்கான ஓட்டப் பயிற்சியும் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும், அதை விரிக்க வேண்டியதில்லை. மூன்றாவது சுற்றில் தலை தெறிக்கிறது என்று உட்கார்ந்த பெண்பிள்ளைக்கு ஒரு வலி மாத்திரையைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் மறுபடி கோட்டில் நிறுத்தினார்கள். அவள் வாந்தி எடுத்த பிறகுதான் நிழல் தேடினார்கள். நல்லவேளை, தேறிவிட்டாள். இது ஒரு மைதானத்தில் ஒரு நாள் மட்டும் நடப்பதில்லை என்பதால்தான் இந்த மடல்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பயிற்சியின்போதோ பயிற்சி முடிந்தோ தலைவலி என்று சொல்லும் பிள்ளையை அன்றைக்கு மறுபடி ஓடவிடாதீர்கள். மாத்திரை கொடுத்தும் ஓடவிடாதீர்கள்.

ஏனென்றால் பிள்ளை சொல்வது ஒரே சொல், அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் பல. நம் கரையில் முதல் காரணம் புழுக்கம். வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, வியர்வை காய்ந்தால்தான் குளிரும். காற்று விழுந்த நாளில் தேவிபட்டினத்திலோ மண்டபம் ஊரிலோ ஓடிப் பாருங்கள். வியர்வை காயாமல் மணலில் சொட்டும். தண்ணீரும் உப்பும் போகும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். கைப்பேசியில் 34 டிகிரி என்று பார்த்துவிட்டு "இன்னைக்கு வெயில் பரவாயில்லை" என்று முடிவு செய்கிறீர்கள். அது நிழலில் அளக்கும் எண். ஈரப்பதமும் மணலிலிருந்து எதிரடிக்கும் அனலும் அதில் வராது. போதாக்குறைக்கு மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும். கடலோரக் காவல்படையின் நாவிக் (மாலுமி) தேர்வு கேட்பது 7 நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 20 பஸ்கி, 10 தண்டால். அதற்குப் பிற்பகல் மூன்று மணி மணலில் பத்துச் சுற்று எதற்கு?

50 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு மணி நேரக் கடும் பயிற்சியில் ஒரு லிட்டர் வியர்வையை எளிதாக இழந்துவிடும். அது உடல் எடையில் 2 சதவீதம். அந்த அளவிலேயே ஓட்டம் தளரும், பலருக்குத் தலை கனக்கும். கருப்பு பனியன் போட்டவர்களின் முதுகைப் பாருங்கள், வாலிநோக்கம் உப்பளத்து வரப்பு மாதிரி வெள்ளைக் கோடு கோடாகப் பூத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு வெறும் தண்ணீர் போதாது. உப்பில்லாமல் மூன்று நான்கு லிட்டரை ஒரேயடியாகக் குடிக்க வைத்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும். அதற்கும் முதல் அடையாளம் தலைவலியும் குமட்டலும்தான். தண்ணீர் வற்றியதா, மிஞ்சியதா என்று பிரித்தறிய ஒரு எடை இயந்திரம் உதவும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். எடை கூடியிருந்தால் தண்ணீரை உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எதைக் கொடுப்பது என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அல்லது உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, கொட்டிய வியர்வைக்கு அது மட்டும் ஈடாகாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவார்கள். கரைசல் கெட்டியாகி வயிற்றைப் புரட்டும், தாகம் கூடும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை. பயிற்சி முடிந்ததும் பெண்பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாருங்கள். காலையில் கழுத்துவரை நிரப்பியது ஒரு விரல் அளவுதான் குறைந்திருக்கும். நாக்கை நனைத்துக்கொள்வார்கள், குடிக்கமாட்டார்கள். மைதானத்தில் கழிப்பறை இல்லை. இருக்கும் இடத்தில் கதவு இல்லை, கதவு இருந்தால் தண்ணீர் இல்லை. சீமைக்கருவேல மறைவுக்குப் போக அவர்களுக்குப் பயம், வெட்கம். அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். அம்மா தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய்க் காத்திருந்து பிடித்த தண்ணீர், அப்படியே வீடு திரும்புகிறது. மாலையில் தலைவலி, கடுந்தேயிலை நிறத்தில் சிறுநீர், எரிச்சல். இதற்குப் பிறகும் "பொண்ணுங்களுக்கு ஸ்டாமினா இல்ல" என்று நீங்கள் சொல்வது எங்கள் காதில் விழுகிறது. பரிசளிப்பு விழா அன்று சிறப்பு விருந்தினருக்குப் பந்தல் வருகிறது, மின்விசிறி வருகிறது, குளிர்ந்த தண்ணீர் வருகிறது. அதே மைதானத்தில் வருடம் முழுக்க ஓடும் பிள்ளைகளுக்கு ஒரு ஓலைக் கொட்டகை போட முடியவில்லை என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றக் காரணங்களையும் சொல்லிவிடுகிறோம்.

விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ஓடினால் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும், வலிக்கும். ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ முன்கூட்டியே உள்ளே போயிருக்க வேண்டும். தினமும் தேநீர் குடித்துப் பழகியவர் அன்று குடிக்காமல் வந்தாலும் வலி வரும். நோன்பு மாதத்தில் கடும் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்த முதல் நாளே முழு ஓட்டம் ஓடவிடாதீர்கள், உடம்பு சூட்டுக்குப் பழக 7 முதல் 14 நாள் பிடிக்கும். கயிறு இழுக்கும்போதும் எடை தூக்கும்போதும் மூச்சைக் கட்டினால் அந்த நொடியில் ரத்த அழுத்தம் எகிறும், எனவே முக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். வயிற்றுப் பயிற்சியில் பிடரியில் கை கோத்துத் தலையை இழுப்பதால் கழுத்துத் தசை இறுகி வலி பின்மண்டைக்கு ஏறும். கையை நெஞ்சில் குறுக்கே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

கெடுதல் எதுவும் இல்லாமல் கடும் உழைப்பினாலேயே விண் விண்ணென்று தெறிக்கும் தலைவலி ஒன்றும் உண்டு. சூடான நாளில் அதிகம் வரும், 48 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அது அதுதான் என்று மருத்துவர் மற்றவற்றை விலக்கிய பிறகே சொல்ல முடியும், விசில் வைத்திருப்பவர் சொல்ல முடியாது. இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம். கழுத்து விறைப்பு, இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலவீனம், மயக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108. கபடியில் தலையோடு தலை மோதிய பிறகு வரும் வலி மூளை அதிர்ச்சியாக இருக்கலாம், அந்தப் பிள்ளை அன்று களத்துக்குத் திரும்பவே கூடாது. வயதில் மூத்தவருக்கு ஓடும்போது வந்து நின்றால் போகும் தலைவலி, இதயக் கோளாறின் அடையாளமாகவும் இருக்கலாம்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். பாரசிட்டமால் அந்தச் சூட்டை இறக்காது. தண்ணீர் வற்றிய உடம்பில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் அரை மணி நேரத்துக்குள் குளிர்வித்தாக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். குடிக்க ஆகாத உவர்ப்பு போர் தண்ணீர் இதற்குத் தாராளமாக ஆகும். தலையிலும் உடம்பிலும் விடாமல் ஊற்றி, துண்டால் விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். மீன் இறங்கும் கரையில் ஐஸுக்கா பஞ்சம்? சுயநினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

தயவுசெய்து அடுத்த பயிற்சிக்குள் இவ்வளவைச் செய்து தாருங்கள். காலை 10 முதல் மாலை 4.30 வரை கடும் ஓட்டம் வேண்டாம். மைதானத்தில் ஒரு கொட்டகை, குடிக்க ஒரு டிரம், ஊற்ற ஒரு டிரம், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் இடைவேளை. இவற்றில் சில தாமதமாகும் என்பது எங்களுக்கும் புரிகிறது. ஆனால் தலைவலி என்று சொன்ன பிள்ளையை அன்று மறுபடி ஓடவிடாமல் இருக்க நிதியும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம். நாளைக் காலைப் பயிற்சியிலேயே தொடங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இந்தக் கரையில் உடற்கல்வி, இயன்முறை மருத்துவம், செவிலியப் பணிகளில் இருப்பவர்கள்