அரளிக்குப் பின்னால் நிற்கும் வெள்ளை வண்டி: நெடுஞ்சாலையில் வேகம் பார்க்கும் காவல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஓர் ஆக்டிங் டிரைவர். சொந்தக் கார் கிடையாது. கார் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் போய் ஓட்டிக் கொடுத்துவிட்டு, பேட்டாவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீடு திரும்புகிறவன். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. தாம்பரத்திலிருந்து திருச்சி வரை எந்த இடத்தில் ரோடு தூக்கிப்போடும், எந்த ஊர் திருப்பத்தில் ராத்திரி மாடு படுத்திருக்கும் என்பதெல்லாம் மனப்பாடம்.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நானும் வேகமாக ஓட்டியிருக்கிறேன். கடைசியாக மாட்டியது ஒரு கல்யாணச் சவாரியில். எட்டு மணிக்கு முகூர்த்தம், பார்ட்டி கிளம்பியதே ஐந்தரைக்கு. மேம்பாலம் இறங்கும் இடம். 80 என்று போர்டு போட்ட சாலையில் என் வண்டி 96இல் போயிருக்கிறது. சென்டர் மீடியனில் அரளி ஆள் உயரத்துக்கு நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வண்டி. போலீஸ் என்று எழுத்து இல்லை, மேலே விளக்கு இல்லை. வேகம் அளக்கும் ஸ்பீடு கன் அதற்குள் இருந்தது. அரைக் கிலோமீட்டர் தள்ளி பேரிகார்டு போட்டு ஓரம் கட்டச் சொன்னார்கள். 1,000 ரூபாய். அன்றைய பேட்டாவில் பெரும்பகுதி போனது. தப்பு என்னுடையது, கட்டிவிட்டேன். எந்த மாவட்டம் என்று எழுதப்போவதில்லை. வெயிலில் நின்ற அந்தக் காவலர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

என் கேள்வி வேறு. அந்த வண்டி ஏன் ஒளிந்து நிற்க வேண்டும்?

அந்த இடத்தைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டரில் ஒரு கிராமத்து கட்டிங் இருக்கிறது. மீடியனை உடைத்து வழி விட்டிருக்கிறார்கள். காலையில் பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அங்கேதான் ரோட்டைக் கடப்பார்கள். டூவீலர்கள் சுற்றிப்போக அலுத்துக்கொண்டு எதிர்த்திசையில் வரும். அங்கே பெயின்ட் உதிர்ந்த ஒரு பேரிகார்டு மட்டும் சாய்ந்து கிடந்தது. மேம்பால இறக்கத்தில் எந்த வண்டியும் தானாகவே வேகம் எடுக்கும், அதனால் அங்கே நின்றால் சலான் எண்ணிக்கை ஏறும். கட்டிங்கில் நின்றால் எண்ணிக்கை ஏறாது. ஏனென்றால் உங்களைப் பார்த்ததும் எல்லோரும் மெதுவாகப் போவார்கள். அதுதானே வேண்டும்?

வேகம் ஆளைக் கொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் நாடு முழுக்கச் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு அதிவேகம் காரணம் என்று பதிவாகியிருக்கிறது. விபத்து எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் நம் மாநிலத்துக்கு, 64,105. இறந்தவர்கள் 17,884. 80இல் போகிற வண்டி 100இல் போனால் மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகிறது. மிச்சமாவது நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம். இதைப் பார்ட்டியிடம் சொன்னால் "சரி சரி, பார்த்துப் போங்க" என்பார்கள், ஐந்து நிமிடம் கழித்து "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். அதனால் வேகத்தைப் பிடிக்காதீர்கள் என்று நான் எழுத வரவில்லை. பிடிக்கிற விதத்தைப் பற்றித்தான் பேச்சு.

ஒளிந்து நின்றால் என்ன நடக்கிறது என்று ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து பார்க்கிறவன் சொல்கிறேன். எதிரே வருகிறவர் லைட் அடித்துக் காட்டுவார். உடனே பத்து வண்டி சேர்ந்து பிரேக் போடும். 80இல் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். பின்னால் லோடு ஏற்றி வருகிற லாரிக்கு அந்தத் திடீர் பிரேக் தெரியுமா? கன்னைத் தாண்டியதும் அதே பத்து வண்டியும் விட்ட நேரத்தைப் பிடிக்கப் பறக்கும். லைட் அடித்தது தெரியாமல் மாட்டியவன் அபராதம் கட்டுகிறான். இ-சலான் என்றால் இன்னும் மோசம். தான் வேகமாகப் போனதே அவனுக்கு அன்றைக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து ஓனர் போனுக்கு மெசேஜ் வரும். அந்தப் பத்து நாளும் அவன் அதே வேகத்தில்தான் ஓட்டியிருப்பான்.

சட்டமும் ஒளியச் சொல்லவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்று ஒரு விதி சேர்த்தார்கள். ஸ்பீடு கேமரா, ஸ்பீடு கன் எல்லாம் அதில் வருகிறது. கண்காணிப்பு உள்ள பகுதிக்கு முன்னாலேயே, கண்ணில் படுகிற மாதிரி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். குற்றம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்று 2021இல் எழுதினார்கள். நம்பர் பிளேட் தெரிகிற படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஆபத்தும் நெரிசலும் அதிகமுள்ள பகுதிகளில் இந்தக் கருவிகள் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. மேம்பால இறக்கமா, கிராமத்து கட்டிங்கா, எது ஆபத்தான இடம் என்பது என்னைவிட உங்கள் விபத்துப் பதிவேட்டுக்கு நன்றாகத் தெரியும்.

வேக வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கையில் எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு 120, நடுவில் மீடியன் உள்ள நான்குவழிச் சாலையில் 100 என்று ஏற்றியது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வக்கீல்களே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. ஓட்டுகிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் போர்டுதான். அந்தப் போர்டை வேப்பங்கிளையோ அரசியல் பேனரோ மறைத்திருந்தால்? கன் வைப்பதற்கு முன் போர்டு தெரிகிறதா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வையுங்கள், போதும்.

சிங்கப்பூரில் லாரி ஓட்டும் என் மைத்துனன் சொல்வான், அங்கே ஸ்பீடு கேமரா ஆரஞ்சு நிறத்தில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி நிற்குமாம். பிரிட்டனிலும் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது நான் சிரித்தேன். தெரிந்தால் எவன் மாட்டுவான் என்றேன். "மாட்டக் கூடாதுன்னுதானே வெச்சிருக்கான்" என்றான்.

கேமராவைக் கண்டால் பிரேக், தாண்டினால் பறப்பது என்ற புத்தி எங்களிடம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறதுதான். அதற்கு இரண்டு இடத்துக்கு நடுவே எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டுச் சராசரி வேகம் பார்க்கலாம். பெங்களூரு–மைசூரு சாலையில் 2023இல் டூவீலர், ஆட்டோவை விலக்கினார்கள். அப்புறம் கேமரா வைத்து, 130க்கு மேல் போனால் வழக்கு என்றார்கள். அந்தச் சாலையில் நானும் போயிருக்கிறேன். கேமரா இருப்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் அநாவசியமாகப் பறப்பதில்லை. நம் பக்கம் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாக டோல் இருக்கிறது. ஒவ்வொன்றையும் எந்த நிமிடத்தில் தாண்டினேன் என்று ஃபாஸ்டேக் எழுதி வைத்துக்கொள்கிறது. நடுவே டீ குடித்தவன் தப்பிப்பான், வாஸ்தவம். டீ குடித்தவன் கொஞ்சம் தெளிவாகவும் இருப்பான்.

அடையாளம் இல்லாத வண்டியே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். சில விஷயத்துக்கு அதுதான் சரி. முன்னால் போகிறவன் பம்பரை ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும் ஆம்னி பஸ், ஒரு கையில் போன் வைத்துக்கொண்டு லேன் மாறுகிறவன், ராங் ரூட்டில் வரும் டிராக்டர், பார்க்கிங் லைட் போடாமல் ரோட்டோரம் நிறுத்திய லாரி. போலீஸ் வண்டியைப் பார்த்தால் இவர்கள் எல்லோரும் ஐந்து நிமிடத்துக்கு நல்ல பிள்ளை ஆகிவிடுவார்கள். சாதாரணக் கார் ஒன்று கேமராவோடு கூடவே ஓடிப் பதிவு செய்யட்டும், யார் வேண்டாம் என்றது?

ஆனால் நிறுத்துவது மட்டும் யூனிஃபார்மில், விளக்கு போட்ட வண்டியோடு இருக்கட்டும். லைசென்ஸ் கேட்கிற போலீஸ்காரர் சீருடையில் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவே சொல்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு, வண்டியில் பெண்களும் நகையும் இருக்கும்போது, பேர் எழுதாத ஒரு கார் குறுக்கே வந்து நின்று டார்ச் அடித்தால் நான் என்ன செய்யட்டும்? போலீஸ் என்று சொல்லி மடக்கிக் கொள்ளையடித்த செய்திகளை நீங்களும் படிக்கிறீர்கள், பிடிக்கிறவர்களும் நீங்கள்தான். நிற்காமல் போனால் உங்களுக்குக் கோபம், நின்றால் எனக்குப் பயம்.

ஒரு நல்ல விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். சில வருடம் முன்னால், அதிகாலை மூன்று மணி. சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றுகொண்டிருந்தது ஒரு கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்தது. தானாகவே கால் ஆக்சிலேட்டரை விட்டது. ஓரம் கட்டச் சொன்னார்கள். பேப்பர் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் காட்டி, "அண்ணே, முகத்தைக் கழுவிட்டு ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் ஒரு இளம் காவலர். அன்றைக்கு நான் அரைத் தூக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது பின்சீட்டில் தூங்கியவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கடைசியாக, எங்கள் தொழிலுக்கென்று ஒரு வேண்டுகோள். சலான் ஓனர் பேருக்குப் போகிறது. ஆக்டிங் டிரைவர் வாரத்துக்கு நாலு கார் ஓட்டுகிறான். எந்த இடம், எத்தனை மணி, எந்தக் கருவி, எவ்வளவு வேகம் என்று படத்தோடு தெளிவாக இருந்தால்தான் அது யார் கணக்கு என்று எங்களால் பேசித் தீர்க்க முடியும். போன மாதம் ஓர் ஓனர் கூப்பிட்டு, பழைய சலான் ஒன்று வந்திருக்கிறது என்றார். போகும்போது நான் ஓட்டினேன், வரும்போது அவர் மகன் ஓட்டினான். படத்தில் வண்டியின் பின்பக்கம் மட்டும் தெரிகிறது, நேரம் படிக்க முடியவில்லை. நான் இல்லை என்கிறேன், அவன் இல்லை என்கிறான். அவர் இன்னும் எனக்கு அடுத்த சவாரி சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓர் ஆக்டிங் டிரைவர்,
தாம்பரம்