'டிலைட்'டுக்குள் விளக்கேற்றியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில், மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்' என்ற ஆங்கிலச் சொல் ஒளியைக் குறிக்கும் 'லைட்'டிலிருந்து பிறந்தது, மகிழ்ந்தவர் முகம் ஒளிர்வதால் இப்பெயர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாசிக்க இனிப்பாகத்தான் இருக்கிறது. உண்மைதான் இல்லை.

அது இலத்தீன் 'டெலெக்டாரே' வழிவந்த சொல். மனதை ஈர்ப்பது, வசப்படுத்துவது, இன்பமூட்டுவது என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது வெறும் 'டெலிட்'. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சோசர் எழுதியதும் அப்படித்தான். 16ஆம் நூற்றாண்டில்தான் லைட், ஃபிளைட் போன்ற சொற்களைப் பார்த்து ஜீ, எச் இரண்டையும் நடுவில் செருகினார்கள். சுவையானதைச் சொல்லும் 'டெலிஷியஸ்' கூட இதே இலத்தீன் குடும்பம்தான். சாப்பாட்டுக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம்? தாங்கள் அறியாததல்ல. சொற்பிறப்புச் சொல்லும் எந்த ஆங்கில அகராதியிலும் இருக்கிறது. புரட்ட நேரமில்லை போலும்.

இவரை இப்படியே விட்டால், நாங்கள் கொடுத்த கட்டுமரத்திலிருந்து வந்த 'கட்டமரான்', 'கேட்' என்ற பூனையிலிருந்து வந்தது என்றும் எழுதுவார்.

இந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டிப் படிக்கிற பிள்ளைகள் திருகோணமலையில் இன்னும் உண்டு, ஐயா. என்னிடம் ரியூஷனுக்கு வரும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒருத்தி நான் சொன்னதை நம்பவில்லை. "பேப்பரில போட்டிருக்கு சேர்" என்று கொப்பியை நீட்டினாள். சிவப்புப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் மஞ்சள் பல்ப் ஒன்றும் வரைந்திருந்தாள். காலமெல்லாம் ஆங்கிலம் படிப்பித்தவன் பேச்சு அச்செழுத்துக்கு முன் எடுபடவில்லை.

இது முதல் தடவையும் அல்ல. கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு என்பது இங்கே நேர்சரிப் பிள்ளைக்கும் தெரியும். தங்கள் பொது அறிவுப் பகுதி ஒன்பதாக்கியது. எழுதினேன், பதிலில்லை. எங்கள் திருகோணமலை மாவட்டத்து நிலாவெளியை மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்தீர்கள். அதற்கும் எழுதினேன். கடிதம் அச்சில் வந்தது, என்ன, நான் சொன்ன திருத்தத்தை மட்டும் வெட்டிவிட்டு, 'தங்கள் பத்திரிகையின் நீண்டகால வாசகன்' என்ற வரியைப் பத்திரமாகப் போட்டிருந்தீர்கள். மிக்க நன்றி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு வரித் திருத்தம். மரண அறிவித்தல்களுக்குக் கீழே வேண்டாம். இடம் போதாவிட்டால் இக்கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இரண்டாம் பந்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.