பத்து இடங்களில் ஒன்றுகூடக் குளிர்ந்த கடல் இல்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பயண இணைப்பில் ஸ்கூபா டைவிங்குக்கு, அதாவது காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் இறங்குவதற்கு, ஏற்ற உலகின் சிறந்த பத்து இடங்கள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஒரு தமிழ் நாளிதழ் ஸ்கூபாவுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் படித்து முடித்ததும் மனசு கேட்கவில்லை. பத்தும் வெதுவெதுப்பான கடல், பத்தும் பவளப்பாறை, பத்தும் ஏற்கெனவே எல்லோரும் போய்க்கொண்டிருக்கிற இடம்.

நான் நாற்பத்து மூன்றாவது வயதில் டைவிங் கற்றுக்கொண்டவள். இடது காது அழுத்தத்துக்குப் பழக நேரம் எடுக்கும் என்பதால் மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் இறங்கும் ஆழத்துக்கு எனக்கு நாலைந்து நிமிடம் ஆகும். அப்படியும் பதினொரு வருடங்களில் 212 டைவ்கள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் லாக் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் நான் பக்கம் பக்கமாக எழுதிய இடங்களில் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இல்லை.

பட்டியலில் உள்ள ஓர் இடத்துக்கு நானும் போயிருக்கிறேன், பெயர் வேண்டாம். அன்று ஒரே பாறையைச் சுற்றிப் பதினான்கு படகுகள் நின்றன. கீழே யாரோ ஒருவருடைய கால் துடுப்பு பட்டு என் மாஸ்க் கழன்றுவிட்டது. அதை மறுபடி மாட்டி, உள்ளே புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றிவிட்டுப் பார்க்கிறேன், அந்தத் துடுப்பு மான்கொம்புப் பவளத்தின் ஒரு கிளையையும் ஒடித்துப் போட்டிருந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அத்தனை பேரை ஒரே நேரத்தில் இறக்கினால் வேறென்ன நடக்கும்?

இதற்கு அடுத்த வருடம்தான் நானும் தங்கையும் நியுவே போனோம். தென் பசிபிக்கில் தனியாக நிற்கும் ஒரு சின்னத் தீவு நாடு அது. பவளச் சுண்ணாம்புப் பாறை அப்படியே கடலிலிருந்து மேலே எழும்பி நின்றதுபோல இருக்கும். அங்கே ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பெய்கிற மழை பாறைக்குள் இறங்கி, வடிகட்டிய நீராகக் கடலில் கலக்கிறது. மண்ணை அடித்துக்கொண்டு வர எதுவும் இல்லாததால் தண்ணீர் அவ்வளவு தெளிவு. படகிலிருந்து எட்டிப் பார்த்த தங்கை, "அக்கா, இங்கே ஆழமே இல்லையே" என்றாள். கடலடித் தரைக்குப் போனபோது, ஆழம் காட்டும் என் டைவ் கம்ப்யூட்டர் 28 மீட்டர் காட்டியது. அங்கே கட்டுவாலி என்று ஒரு கடல்பாம்பு உண்டு. கறுப்பு வெள்ளைப் பட்டைகள், தட்டையான வால். நஞ்சு உண்டு, ஆனால் யாரையும் சீண்டாது. எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து நேராக மேலே போய், மூச்சு வாங்கிக்கொண்டு, அதே வழியில் இறங்கி வந்தது. எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. அந்த டைவ் முழுக்க நாங்கள் வேறு மனிதர் யாரையும் பார்க்கவில்லை.

குளிர்ந்த கடலைப் பற்றி யாரும் எழுதாததுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். நியூசிலாந்தின் வடகிழக்குக் கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் புவர் நைட்ஸ் தீவுகள் இருக்கின்றன. எரிமலைப் பாறையில் கடல் குடைந்த வளைவுகளும் குகைகளும் நிறைந்தவை. வடக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் அங்கே உரசிப் போவதால், கெல்ப் என்னும் கடற்பாசிக் காட்டுக்குள்ளேயே வெப்பக் கடல் மீன்களும் நீந்துகின்றன. ஒரு வளைவுக்குள் நீல நிற மாவோமாவோ மீன்கள் எவ்வளவு நெருக்கமாக நின்றன என்றால், எதிர்ப்பக்கத்து வெளிச்சமே தெரியவில்லை. அசையாமல் மிதந்தால் அவை தாமாக விலகி வழி விடும், பின்னால் மறுபடி மூடிக்கொள்ளும். தடித்த நீச்சல் உடையில் நடுங்கியபடிதான் படகேறினேன். அன்று மதியமே மறுபடி இறங்கினேன்.

ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் ஸ்காபா ஃப்ளோ என்ற இயற்கைத் துறைமுகம் உண்டு. முதல் உலகப் போர் ஓய்ந்தபின் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த 74 ஜெர்மன் போர்க்கப்பல்களை, எதிரிகள் கைக்குப் போகக் கூடாது என்று 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் மாலுமிகளே மூழ்கடிக்கத் தொடங்கினார்கள். 52 மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பிற்பாடு இரும்புக்காக வெளியே எடுத்துவிட்டார்கள். மூன்று பெரும் போர்க்கப்பல்களும் குரூசர் எனப்படும் நான்கு சிறிய, வேகமான போர்க்கப்பல்களும் இன்னும் கீழே கிடக்கின்றன. ஒருக்களித்துக் கிடக்கும் கேல்ன் என்ற குரூசரின் பக்கச் சுவரை ஒட்டி நீந்தினேன். பச்சைத் தண்ணீர், பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் கண் எட்டாது. கப்பலின் விளிம்பு திடீரென்று முன்னால் வந்து நிற்கும்போது நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும். ஆழம் அதிகம், டிரை சூட் என்னும் தண்ணீர் புகாத உடை பழகியிருக்க வேண்டும். புதிதாகக் கற்றவர்களுக்கு அது இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, இதையெல்லாம் எழுதினால் அங்கேயும் கூட்டம் வந்துவிடாதா? தங்கையும் இதைத்தான் கேட்டாள். நான் நிறைய யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா முனைக்கு அருகே காபோ புல்மோ என்று ஒரு மீனவக் கிராமம் இருக்கிறது. மீன் அற்றுப் போனதைப் பார்த்த அந்த ஊர்க் குடும்பங்களே அரசை வற்புறுத்தி, 1995-இல் தங்கள் கடலைத் தேசியப் பூங்காவாக அறிவிக்க வைத்தன. வலையை ஒதுக்கி வைத்தார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியதாக விஞ்ஞானிகள் அளந்து 2011-இல் வெளியிட்டார்கள். நான் அங்கே போனபோது ஒரு பாரை மீன் கூட்டம் தலைக்கு மேலே சுழன்றது. அது கடந்து போகும் வரை அடியில் நிழலாகவே இருந்தது. எங்கள் படகை ஓட்டியவர், தன் தாத்தா அதே கடலில் மீன் பிடித்தவர் என்றார். மீன் பிடிப்பதை விட்டவர்களுக்கு, மீனைப் பார்க்க வருகிறவர்கள்தான் பிழைப்பு. அவர்களுடைய ஊரைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கரீபியனில் சாபா என்ற 13 சதுர கிலோமீட்டர் தீவு 1987-இலேயே தன்னைச் சுற்றியுள்ள கரையோரக் கடல் முழுவதையும் பூங்காவாக்கிக்கொண்டது. டைவிங் இடங்களில் படகைக் கட்ட நிரந்தர மிதவைகள் இருக்கின்றன, நங்கூரம் பாறையைக் கீற வேண்டியதில்லை. பதினான்கு படகுகள் மொய்த்த அந்தப் பாறையில் இதைத்தான் நான் தேடினேன்.

ஸ்பெயினுக்குச் சொந்தமான கனரி தீவுகளில் கடைக்கோடியான எல் இயர்ரோவுக்கு நான் இன்னும் போகவில்லை. அங்கே லா ரெஸ்டிங்கா ஊருக்கு எதிரே உள்ள கடல் 1996 முதல் காப்பகம். 2011 அக்டோபரில் ஊருக்குப் பக்கத்திலேயே கடலடி எரிமலை வெடித்தது. மக்களை வெளியேற்றினார்கள், மீன்கள் செத்து மிதந்தன. சில வருடங்களில் கடல் மறுபடி மீன்களால் நிறைந்துவிட்டது. அடுத்த பயணம் அங்கேதான்.

சூடானுக்கும் போக ஆசை. 1963-இல் பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ழாக் குஸ்தோவின் குழு கடலுக்கடியில் வீடு கட்டி ஒரு மாதம் வாழ்ந்த, செங்கடலின் ஷாப் ரூமி பாறையில் அதன் மிச்சங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் 2023-இலிருந்து அங்கே போர். இப்போது யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். அதிகம் பேர் போகாத இடம் என்றால் உதவியும் தொலைவில்தான் இருக்கும். கொலம்பியாவின் மால்பெலோ தீவு, கொம்பன் சுறாக்களுக்குப் பேர்போனது, கரையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். அழுத்த நோய் (ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் உடலுக்குள் வாயுக் குமிழிகள் உண்டாவது) வந்தால் அதற்கான அழுத்தச் சிகிச்சை அறை எங்கே இருக்கிறது, படகில் முதலுதவிக்கு ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்காமல் யாரும் பதிவு செய்யக் கூடாது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆக்சிஜன் என்றதும் நினைவுக்கு வருகிறது. கட்டுரையில் மூன்று இடத்தில் "ஆக்சிஜன் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு" என்று அச்சாகியிருக்கிறது. சிலிண்டரில் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. சுத்தமான ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம், தண்ணீருக்கடியில் வலிப்பு என்றால் உயிர் போய்விடும். பட்டியலை மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் விருப்பம். இந்த ஒரு திருத்தத்தை மட்டும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி